காரில் குழந்தை: பெல்ட் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

"நீ ஓட்டுப்பா, பிள்ளையை நான் மடியில வச்சுக்கிறேன்." கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது முன்சீட்டில் உட்கார்ந்தபடி எங்கள் அம்மா சொல்வது இது. பல வீடுகளிலும் இதே பேச்சுதான். இருக்கும் தவறுகளில் இதுதான் பெரியது.

கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதி, பத்தில் ஒரு நொடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த, அந்தக் கணத்தில் சுமார் 140 கிலோவைத் தாங்கும் பலம் கைகளுக்கு வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அது முடியாது. இருவருக்கும் சேர்த்து ஒரே பெல்ட்டை மாட்டுவது இன்னும் மோசம். பெரியவரின் எடை முழுவதும் குழந்தையைப் பெல்ட்டோடு அழுத்தி நசுக்கிவிடும்.

"பின்சீட்தானே, சட்டம் கேட்காது" என்பது அடுத்த தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயது நிறையாத குழந்தை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் பயணித்தால் 1000 ரூபாய் அபராதம். முன்சீட், பின்சீட் என்ற பேதம் அதில் இல்லை. வண்டி ஓட்டுபவர் மட்டுமல்ல, அப்படி ஓட்ட விடுபவரும் பொறுப்பு.

சோதனை செய்யும் இடத்திலும் ஒரு தவறு நடக்கிறது. டிரைவர் பெல்ட் போட்டிருந்தால் கையசைத்து அனுப்பிவிடுகிறார்கள். பின்கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்த காவலரை நான் இதுவரை பார்த்ததில்லை. அங்கேயும் பார்க்க வேண்டும். ரசீதைக் கொடுக்கும்போதே, குழந்தையை எப்படி உட்கார வைப்பது என்று இரண்டு நிமிடம் சொல்லிக் கொடுத்தால் அபராதத்தைவிட அது அதிகம் மனதில் நிற்கும்.

குழந்தை இருக்கை வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாகிவிடுவதும் சரியல்ல. பின்னோக்கிப் பார்த்த கைக்குழந்தை இருக்கையை ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது. விரியும் ஏர்பேக் அந்த இருக்கையின் முதுகில் அறையும். தோள்பட்டைப் பட்டையை இழுத்து மாட்டிய பிறகு, தோளுக்கு மேல் விரலால் கிள்ளிப் பாருங்கள். பட்டை மடிப்பாகக் கையில் வந்தால் தளர்வு. விபத்தில் சிக்கிய பழைய இருக்கையை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பெரியவர்களின் பெல்ட்டுக்குச் சீக்கிரமாக மாற்றிவிடுவது எங்கள் வீட்டிலேயே நடந்தது. என் மகளுக்கு ஆறு வயது. பட்டை கழுத்தை அறுக்கிறது என்று அதை அக்குளுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தாள். கீழ்ப்பட்டையோ இடுப்பெலும்பை விட்டு வயிற்றின் மேல் ஏறியிருந்தது. சட்டத்தின் கண்ணில் அவள் பெல்ட் போட்டவள்தான். ஆனால் மோதினால் வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளில் காயம் படும். உயரம் ஏறக்குறைய 145 சென்டிமீட்டர் வரும்வரை பூஸ்டர் சீட் தேவை; பெல்ட் சரியான இடத்தில் படியும்படி குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை அது.

வழியில் குழந்தை அழுதால் பட்டையை அவிழ்த்துவிட்டு ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்துங்கள், தூக்கி வைத்து ஆறுதல் சொல்லுங்கள், திரும்ப மாட்டிய பிறகு கிளம்புங்கள்.