பேனாவும் ஸ்கெட்ச்புக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொழுதுபோக்காகப் பேனாவில் வரையத் தொடங்கும் பலர், நாலைந்து பக்கங்களிலேயே ஸ்கெட்ச்புக்கை மூடி வைத்துவிடுகிறார்கள். கை வராததால் அல்ல. ஒவ்வொரு பக்கமும் நாலு பேர் பார்த்து மெச்சும்படி இருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் கையைக் கட்டிப்போடுகிறது. மற்றத் தவறுகளில் பாதி அதிலிருந்துதான் வருகின்றன.

அதில் முக்கியமானது, முழுப் படத்தையும் பென்சிலில் போட்டுவிட்டு அதன்மேல் பேனாவை ஓட்டுவது. கண் பொருளை விட்டுவிட்டுப் பென்சில் தடத்தையே பார்க்கும். கோட்டில் உயிர் இருக்காது. நேரே பேனாவிலேயே ஆரம்பியுங்கள். கோடு பிசகினால் அடித்துக் கறுப்பாக்காமல், சரியான கோட்டைப் பக்கத்திலேயே போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். ஓவியர் கே.எம். ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் கிடைத்தால் நிதானமாகப் பாருங்கள். கோடு எவ்வளவு துணிவாக ஓடுகிறது என்று தெரியும்.

மை சொட்டிவிட்டதா? பக்கத்தைக் கிழிக்காதீர்கள். தையல் போட்ட நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் அதன் ஜோடித் தாளும் கழன்று வரும். அந்தச் சொட்டுக்கு ஓர் அலகும் இரண்டு கால்களும் போட்டால் காக்கை. இந்த விளையாட்டுக்குத்தானே நோட்டு வாங்கினோம்!

காபி டம்ளரை வரையும்போது ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். வாயை நீள்வட்டமாகப் போட்டுவிட்டு, அடியை நேர்கோட்டில் முடித்துவிடுவார்கள். மேசைமேல் இருக்கும் டம்ளரை மேலிருந்து பார்க்கிறோம். அடி கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால், அதன் வளைவு வாயின் வளைவைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்க வேண்டும். நீள்வட்டத்தின் இரு ஓரங்களும் வாழையிலை நுனிபோல் கூராக முடியக் கூடாது. அங்கேயும் வளைவு உண்டு. நிழலுக்குக் கோடு இழுக்கும்போதும் டம்ளரின் வளைவையொட்டியே இழுங்கள். வெளிச்சம் விழும் இடத்தில் தாளை வெறுமையாக விடுங்கள். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டால் பித்தளை மின்னாது.

பொருள்களில் அதிகம் யோசிக்க வேண்டாம். 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் மை பின்பக்கம் ஊறிவிடும். 120க்கு மேல் வாங்குங்கள், தண்ணீர் தொட்டு வரைவதென்றால் 200. மைக்ரான் என்ற மெல்லிய முனை வரைபேனாவில் 005 முனை வெறும் 0.20 மி.மீ.; அழுத்தி எழுதும் கைக்குச் சீக்கிரம் உள்ளே போய்விடும். 0.45 மி.மீ. உள்ள 05 போதும். அதன் மை காய்ந்தபின் தண்ணீரில் கரையாது. சாதாரண ஃபவுண்டன் பேனா மை பெரும்பாலும் கரைந்துவிடும். அதற்காக, தண்ணீரில் கரையாத இந்தியன் இங்க்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். அதிலுள்ள பசை காய்ந்து பேனாவையே அடைத்துவிடும். அந்த மைக்குத் தொட்டு எழுதும் நிப்பே சரி.

இடக்கைக்காரர்கள் வலது ஓரத்திலிருந்து வரைந்து வந்தால் ஈர மை கையில் இழுபடாது.