குந்திரிக்கம்: புகை, எண்ணெய், ஊறல் நீர் (தொடங்குவோருக்கான செய்முறை)

முதன்முதலாகக் குந்திரிக்கம் கையில் கிடைத்தபோது, கனன்றுகொண்டிருந்த கரியின் மேல் ஒரு பிடி அள்ளிப் போட்டேன். இரண்டே நிமிடத்தில் அறையெங்கும் கரும்புகை, கண்ணெரிச்சல், தார் கருகியது போன்ற நாற்றம். நறுமணம் என்று எதை எல்லோரும் புகழ்கிறார்களோ, அது முதல் அரை நிமிடத்திலேயே போய்விட்டிருந்தது.

பாஸ்வெல்லியா இன மரத்தின் பட்டையைக் கீறினால் வெள்ளையாக வடிந்து, நாள்பட இறுகும் கட்டிதான் குந்திரிக்கம். பறங்கிச் சாம்பிராணி என்ற பெயரும் உண்டு. ஓமானின் தோஃபார் பகுதி, ஏமன், சோமாலியா, எத்தியோப்பியா ஆகியவை இதற்குப் பெயர்பெற்ற இடங்கள். தோஃபாரின் குந்திரிக்க மரங்களும் பழைய துறைமுகங்களும் 2000-ஆம் ஆண்டிலேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. இந்தியக் காடுகளில் வளர்வது பாஸ்வெல்லியா செராட்டா. ஆயுர்வேதம் இதைச் சல்லகி என்கிறது.

செய்முறைக்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கட்டிக்குள் மூன்று பொருள்கள் கலந்திருக்கின்றன. சூட்டில் ஆவியாகும் வாசனை எண்ணெய், தண்ணீரில் கரையும் கோந்து, எண்ணெயிலும் சாராயத்திலும் கரையும் பிசின். எது வேண்டும் என்று முடிவு செய்தால், எந்த வழி என்பது தானாகத் தெரிந்துவிடும்.

படி 1: வாங்கியது குந்திரிக்கம்தானா?

சாம்பிராணி, குங்கிலியம், குந்திரிக்கம் மூன்றையும் ஒன்றாகவே நினைப்பவர்கள் நிறையப் பேர். மூன்றும் வெவ்வேறு மரத்துச் சரக்குகள். ஒரு சிறு கட்டியைப் பொடித்து, உள்ளங்கையில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். குந்திரிக்கம் என்றால் நீர் பால் போல வெளுக்கும். கோந்தின் வேலை அது. குங்கிலியத்தில் கோந்து இல்லாததால் பொடி பொடியாகவே ஒட்டிக்கொண்டு நிற்கும். முகர்ந்ததும் வெனிலா போல இனிப்பாக மணந்தால் அது சாம்பிராணியாக இருக்கலாம். குந்திரிக்கத்தில் எலுமிச்சைத் தோலும் ஊசியிலை மரமும் கலந்த வாடை வரும்.

படி 2: புகை

கட்டியை உளுந்து அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். கரியைப் பற்றவைத்து, மேலே முழுக்கச் சாம்பல் பூக்கும்வரை காத்திருங்கள். பிறகு அதன்மேல் மெல்லிய படலமாகச் சாம்பலையோ மணலையோ தூவி, இரண்டு மூன்று துண்டுகளை மட்டும் வையுங்கள். இந்தப் படலம்தான் சூட்டைத் தணித்து, பிசின் கருகுவதற்கு முன் வாசனை எண்ணெயை மெல்ல வெளியேற்றுகிறது. துண்டுகள் பொரிந்து உருகி, வெண்புகை எழும். புகை கருத்தாலோ தீய்ந்த வாடை வந்தாலோ எஞ்சியதை உடனே எடுத்துவிடுங்கள். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மின்தூபக்கால் இருந்தால் வேலை இன்னும் எளிது.

சன்னல் கட்டாயம் திறந்திருக்க வேண்டும். மூலிகைப் புகை என்றாலும் அது புகைதான். கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடும் வரும். ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் அறையில் போடவே போடாதீர்கள்.

படி 3: எண்ணெய்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 20 கிராம் குந்திரிக்கத்தை அரை மணி நேரம் உறைபெட்டியில் வைத்து எடுங்கள். குளிர்ந்த கட்டி கல்வத்தில் கண்ணாடி போல நொறுங்கும். வெதுவெதுப்பாக இடித்தால் குழவியைப் பற்றிக்கொண்டு விடாது. பொடியை 100 மில்லி நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ கலந்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் அந்தக் கிண்ணத்தை இறக்கிவைத்து, சிறு தீயில் இரண்டு மணி நேரம் விடுங்கள். அவ்வப்போது கிளறுங்கள். எண்ணெய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் விழக்கூடாது.

முடிவில் அடியில் பழுப்பாக, மிட்டாய்ப் பாகு போல ஒரு திரள் மிஞ்சும். கரையாத கோந்தும் அதில் சிக்கிய மரப்பட்டைத் துணுக்குகளும்தான் பெரும்பாலும் அது. சூடு ஆறுவதற்குள் துணியில் வடிகட்டி, ஈரமில்லாத அடர்நிறக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றுங்கள். முழங்கை மடிப்பில் ஒரு சொட்டுத் தடவி ஒரு நாள் பார்த்து, அரிப்போ சிவப்போ இல்லையென்றால் கை கால்களில் தேய்த்துக்கொள்ளலாம்.

நீராவியில் வடித்த வாசனை எண்ணெய் வேறு பொருள். அதில் பாஸ்வெல்லிக் அமிலங்கள் (மூட்டுவலிக்கு நல்லது என்று சொல்லப்படும், பிசினில் உள்ள பொருள்கள்) நிறைந்திருக்கின்றன என்று புட்டியில் எழுதியிருந்தால் நம்பாதீர்கள். அந்த மூலக்கூறுகள் கனமானவை, நீராவியோடு ஏறிவராது. மூட்டுவலி குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் உள்ளுக்குச் சாப்பிடும் பிசின் சாற்றை வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றின் முடிவை வாசனை எண்ணெய்க்குப் பொருத்திச் சொல்வது விற்பனைப் பேச்சு.

படி 4: ஊறல் நீர்

ஓமானில் தூய வெளிர்நிறக் கட்டிகளை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்துக் காலையில் குடிக்கும் பழக்கம் உண்டு. நீரில் இறங்குவது பெரும்பாலும் கோந்தும் கொஞ்சம் வாசனையுமே. உண்ணத்தக்கது என்று விற்கப்படும் சரக்கைத் தவிர வேறெதையும் இதற்குத் தொடாதீர்கள். கருவுற்றிருப்பவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

பாத்திரம் கழுவுவதற்கும் ஒரு வழி சொல்லிவிடுகிறேன். சோப்பும் வெந்நீரும் ஒட்டிய பிசினை அசைக்காது. முதலில் சமையல் எண்ணெய் தடவித் துடையுங்கள், அதற்குப் பிறகு சோப்பு. அப்படியும் ஒரு மெல்லிய படலம் தங்கும் என்பதால், பழைய கிண்ணம் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.