வானம் உங்கள் பக்கம்: பழைய ‘வ்யூ தோப்திக்’ படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘வ்யூ தோப்திக்’ என்பது லென்ஸ் வழியே பார்த்தால் ஆழமாகத் தெரியும் பழைய அச்சுக் காட்சிப் படம். அதன் மேல் ஓரத்தில் தலைப்பு இடவலம் மாறி அச்சாகியிருக்கும். அச்சுப் பிழை என்று எண்ணி அந்த ஓரத்தை வெட்டிச் சட்டம் போட்டுவிடாதீர்கள். 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ், லண்டன், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க், இத்தாலியின் பஸ்ஸானோ ஊர்களில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டி விற்ற ‘வ்யூ தோப்திக்’ வகைக்கு அந்த எழுத்தே அடையாளம். இவற்றைப் பார்க்கும் கருவியில் முகம் பார்க்கும் கண்ணாடி இருப்பதால் அங்கே எழுத்து நேராகிவிடும். ஓரம் போனால் மதிப்பும் போச்சு.

அந்தக் கருவிதான் ஸோக்ராஸ்கோப். செங்குத்தாக ஒரு பெரிய குவிலென்ஸ், அதன் பின்னே 45 பாகை சாய்ந்த கண்ணாடி, கீழே மேசைமேல் படம். படத்தை வழக்கம்போல நமக்கு நேராக வைத்தால் மாளிகைகள் தலைகீழாகத் தொங்கும். வானம் உங்கள் பக்கமும் தரை அந்தப் பக்கமுமாகத் திருப்பி வையுங்கள்.

அடுத்து தூரம். லென்ஸிலிருந்து கண்ணாடிக்கும், கண்ணாடியிலிருந்து படத்துக்கும் உள்ள தூரங்களைக் கூட்டினால் லென்ஸின் குவியத் தூரம் வர வேண்டும். துளி குறைந்தாலும் பரவாயில்லை, கூடினால் மங்கும். 50 செ.மீ. லென்ஸுக்கு 15, 35 என்று பிரித்துக்கொள்ளலாம். சின்னப் பூதக்கண்ணாடி இங்கே உதவாது. இரண்டு கண்ணும் ஒரே லென்ஸ் வழியே பார்க்க 10 செ.மீ. விட்டமாவது வேண்டும். கதிர்கள் ஏறக்குறைய இணையாக வருவதால் கண்கள் தொலைவைப் பார்ப்பதுபோல் நிலைக்கும். தெரு ஆழமாக விரியும். பார்த்து முடித்ததும் லென்ஸைத் துணியால் மூடுங்கள், வெயில் பட்டால் தாள் கருகும்.

சில படங்களில் ஜன்னல், விளக்கு இருக்கும் இடங்களில் ஓட்டைகள் தெரியும். பூச்சி அரித்ததென்று பின்னால் தாள் ஒட்டி அடைத்துவிடாதீர்கள். பூச்சித் துளை கண்டபடி அலையும். இவையோ ஜன்னலுக்கு ஜன்னல் கணக்காக நிற்கும், பின்னால் மெல்லிய வண்ணத் தாளும் ஒட்டியிருக்கும். துளை வழியே பார்க்கும் காட்சிப் பெட்டிக்குள் வைத்து முன்னால் வெளிச்சம் காட்டினால் பகல், பின்னால் காட்டினால் விளக்கேற்றிய இரவு. சந்தைக்குக் கூட்டம் சேர்த்த வித்தை இதுதான்.

வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தால் போலி என்று ஒதுக்காதீர்கள்; அன்று அவசரமாகத்தான் தீட்டினார்கள். தாளைத் திருப்பிப் பாருங்கள்: செம்புப் பச்சை தீட்டிய இடம் பின்பக்கம் பழுப்பேறியிருந்தால் நல்ல அறிகுறி. பத்து மடங்கு லென்ஸில் சீரான புள்ளிகள் தெரிந்தால் அது நவீன மறுஅச்சு.

இவற்றை வரலாற்றுச் சான்றாகக் காட்டுவதுதான் பெரிய தவறு. 1776இல் நியூயார்க்கில் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் சிலையை மக்கள் வீழ்த்தியதை ஆக்ஸ்பர்க் கலைஞர் ஹாபர்மான் வரைந்தார். கட்டடங்கள் எல்லாம் ஐரோப்பிய நகரத்துடையவை. உண்மைச் சிலை குதிரைமேல் இருந்தது. அவர் படத்தில் ராஜா நிற்கிறார்.