சம்பள வரியும் 1040 படிவமும்: எங்கே தவறுகிறோம்?

அமெரிக்காவில் வேலை பார்ப்பவரின் பே ஸ்லிப்பில் ஃபெடரல் வருமான வரி, சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) என்று வரிசையாகப் பிடித்திருப்பார்கள். முதலாவது வருமான வரிக்கான முன்பணம். மற்ற இரண்டும் சம்பள வரி, அதற்குத் தனிக் கணக்கு. இவற்றைக் கலக்கும்போதுதான் தாக்கலில் குளறுபடி வருகிறது.

ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரிகளையும் காட்டி கம்பெனி தரும் டபிள்யூ-2 படிவத்தின் பாக்ஸ் 2 (வருமான வரி), 4 (சோஷியல் செக்யூரிட்டி), 6 (மெடிகேர்) மூன்றையும் கூட்டி, பிடித்த வரி என்று 1040 என்ற வருமான வரித் தாக்கல் படிவத்தில் போட்டுவிடுகிறார்கள். அங்கே போக வேண்டியது பாக்ஸ் 2 மட்டுமே. வருமான வரி பூஜ்யமே ஆனாலும், சோஷியல் செக்யூரிட்டிக்குப் போன 6.2 சதவீதமும் மெடிகேருக்குப் போன 1.45 சதவீதமும் அதனால் திரும்பி வராது. வருமான வரிக்கான சம்பளத்தைக் காட்டும் பாக்ஸ் 1-ஐ விட, சோஷியல் செக்யூரிட்டிக்கான சம்பளத்தைக் காட்டும் பாக்ஸ் 3 பெரிதாக இருந்தாலும் பதற வேண்டாம். 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தில் போட்ட பணத்துக்கு வருமான வரிதான் தள்ளிப்போகிறது, சம்பள வரி உண்டு.

ஒரே ஆண்டில் வேலை மாறியவர்கள் கோட்டைவிடும் பணம் ஒன்று இருக்கிறது. சோஷியல் செக்யூரிட்டி வரிக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. 2025-இல் அது 1,76,100 டாலர் சம்பளம். அதாவது ஒருவரிடம் அதிகபட்சம் 10,918.20 டாலர்தான் பிடிக்கலாம். ஒரு கம்பெனியில் 1,10,000, அடுத்ததில் 90,000 வாங்கினால், ஒன்று பிடித்தது இன்னொன்றின் கணக்கில் வராது. இரண்டும் சேர்ந்து 12,400 பிடித்திருக்கும். மிச்சம் 1,481.80 டாலரை 1040-உடன் இணைக்கும் ஷெட்யூல் 3 என்ற படிவம் வழியாகக் கேட்டு வாங்கலாம். ஒரே கம்பெனி அதிகம் பிடித்திருந்தால் இந்த வழி கிடையாது, அவர்களிடமே கேட்க வேண்டும். கணவன், மனைவி சேர்ந்து தாக்கல் செய்தாலும் இந்த வரம்பு ஆளுக்குத் தனித்தனி.

மெடிகேரில் நேர்மாறு. தம்பதி இருவரும் தலா 1,50,000 வாங்கினால், 2,00,000-ஐத் தாண்டாததால் அதிகச் சம்பளத்துக்கான கூடுதல் மெடிகேர் வரி 0.9 சதவீதத்தை எந்தக் கம்பெனியும் பிடிக்காது. ஆனால் கூட்டுத் தாக்கலுக்கு வரம்பு 2,50,000. ஆக 450 டாலர் கையிலிருந்து கட்ட வேண்டிவரும்.

தனியாக ஃப்ரீலான்ஸ் செய்பவர்கள், வருமான வரி வராது என்று தாக்கலையே விட்டுவிடுவது பெரிய தவறு. நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டாலே சுயதொழில் வரி (சுயதொழில் செய்பவர் கட்டும் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர்) உண்டு. அதில் பாதியை வருமானத்திலிருந்து கழிக்கலாம்.

நம் மாணவர்களுக்காக இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவர்களுக்குப் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் இந்தச் சம்பள வரி கிடையாது. படிப்பை ஒட்டி அந்த விசாவிலேயே பார்க்கும் ஓபிடி என்ற பயிற்சி வேலைக்கும் அப்படித்தான். 2021 டிசம்பரில் இறங்கியிருந்தாலும் 2021 ஒரு முழு ஆண்டாகவே கணக்கு, சலுகை 2025-உடன் முடிந்துவிடும். நடுவில் ஹெச்-1பி வேலை விசாவுக்கு மாறினால் அன்றிலிருந்தே பிடித்தம் தொடங்கும். தவறாகப் பிடித்திருந்தால் அதை வெளிநாட்டவருக்கான தாக்கல் படிவமான 1040-என்ஆர்-இல் கேட்க முடியாது. முதலில் கம்பெனியின் பேரோல் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் கைவிரித்தால் 843, 8316 படிவங்களோடு டபிள்யூ-2, விசா நகல்களை இணைத்து வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்குத் தனியாக அனுப்ப வேண்டும். இதற்குக் காலக்கெடு பொதுவாக மூன்று ஆண்டுகள் என்பதால், பழைய டபிள்யூ-2-களையும் இப்போதே எடுத்துப் பார்ப்பது நல்லது.