பழைய டீசல் பிக்கப்பில் கரும்புகை: டீசல் பம்பைத் தொடுவதற்கு முன் காற்றுப் பாதையைப் பாருங்கள்

சைலன்சரிலிருந்து வரும் கரும்புகை என்பது முழுதாக எரியாமல் கரியாகிப்போன டீசலே. நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெண்புகை என்றால் எரியாத டீசல் ஆவியோ கூலண்ட் நீரோ வெளியேறுகிறது. கரும்புகைக்கோ டீசல் கூடியிருக்க வேண்டும், அல்லது காற்று குறைந்திருக்க வேண்டும். ஒரு கிலோ டீசல் எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று தேவை. டீசலும் காற்றும் கலக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால், நடைமுறையில் அதற்கும் மேல் காற்று இருந்தால்தான் புகையின்றி எரியும். பலர் நேராக, சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் இன்ஜெக்டரைக் கழற்றிச் செலவு செய்கிறார்கள்; காற்றுப் பக்கத்தைச் சோதிக்க அநேகமாகச் செலவே இல்லை என்பதால் அங்கிருந்து தொடங்குவதே முறை.

அதற்கும் முன்பு, புகை எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது ஒரு நொடி வந்து மறையும் மெல்லிய புகை பழைய எஞ்சின்களுக்கு இயல்பு. மேட்டில் பாரத்தோடு ஏறும்போது விடாமல் புகைந்து, இழுவையும் குறைந்திருந்தால் காற்றுத் தட்டுப்பாட்டைச் சந்தேகிக்கலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐடிலிலேயே புகைந்து, எஞ்சின் மிஸ்ஸிங் அடித்தால் (சீரின்றி விட்டுவிட்டு ஓடினால்) இன்ஜெக்டரைச் சந்தேகிக்க வேண்டும். பிரேக் பிடித்தபடியே சக்கரம் சுற்றினாலும் எஞ்சின் திணறிப் புகைக்கும் என்பதால், சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தால் வெளிச்சம் மறுபுறம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் புதியது போடுங்கள். ஃபில்டரிலிருந்து, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் பழசாகி மெலிந்திருந்தால், எஞ்சின் முறுக்கேறும்போது உறிஞ்சலில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். நின்ற வண்டியில் பார்த்தால் நன்றாகவே தோன்றும். டர்போவுக்கும், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலுள்ள ஹோஸ்களில் கிளாம்ப் ஓரமாக விரலை ஓட்டுங்கள்: ஓரிடத்தில் மட்டும் ஆயில் கசிந்து தூசி அப்பிப் பசைபோல் ஒட்டினால், காற்று அங்கேதான் தப்புகிறது. ஐடிலில் டர்போ அழுத்தம் கொடுக்காது என்பதால் வெறும் காதால் கசிவைப் பிடிப்பது கடினம். பாதையின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் 1 பார் அழுத்தத்துக்கு மிகாமல் காற்று ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினால், கசியும் இடத்தில் நுரை கிளம்பும்.

எரிந்த புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டால், புதுக்காற்றின் இடத்தை எரிந்த புகை பிடித்துக்கொள்ளும். வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டும்போது காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டையும் எட்டிப் பாருங்கள். கரி படிந்து அதன் வாயே பாதியாகச் சுருங்கியிருப்பதுண்டு.

காற்றுப் பக்கம் சரி என்று உறுதியான பிறகே டீசல் பக்கம் வர வேண்டும். மெக்கானிக்கல் பம்ப் உள்ள எஞ்சினில், ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப்பின் நட்டையும் சற்றே தளர்த்தி இறுக்குங்கள். எந்தச் சிலிண்டரைத் தளர்த்தும்போது புகை குறைகிறதோ, அதன் நாசில் (இன்ஜெக்டரின் முனை) தூவாமல் ஒழுகுகிறது எனக் கொள்ளலாம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள். அங்கே அழுத்தம் 1000 பாரையும் தாண்டும், அந்தப் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

நாசில்களை அழுத்தச் சோதனைக்குக் கொடுத்துச் சரிசெய்த பின்னும் புகை நின்றபாடில்லை என்றால், பம்பின் டைமிங் (டீசல் பீச்சும் நேரம்) பின்தங்கியுள்ளதா, டீசல் அளவு திருகின் சீல் உடைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். இழுவைக்காக யாரோ அதைத் திருகிவைத்திருப்பது பழைய வண்டிகளில் அடிக்கடி காணும் ஒன்று. அதைக் கண்ணளவில் திருப்பித் திருகாமல், பம்ப் கடையில் கொடுத்துக் கலிபிரேஷன் செய்வதே சரி. டேப்பட் (வால்வு) இடைவெளியும், சிலிண்டரில் காற்று அழுத்தப்படும் அளவான கம்ப்ரஷனும் கடைசியாகப் பார்க்க வேண்டியவை. கம்ப்ரஷன் ஒரு சிலிண்டரில் மட்டும் இறங்கியிருந்தால், எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.