மத நல்லிணக்கத்துக்கு நூலகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத நல்லிணக்கம் என்றதும் பல நூலகங்களில் மேடைதான் போடுகிறார்கள். மதத்துக்கு ஒருவர் பேசுவார், பொன்னாடை போர்த்துவார்கள், குரூப் போட்டோவோடு முடியும். இதற்குப் புதுச்சேரியில் வேறு மண்டபங்கள் இருக்கின்றன. 1827 முதல் இருந்துவரும் ரோமன் ரோலண்ட் நூலகம் போன்ற இடத்தில் செய்யவேண்டியது, வெவ்வேறு மதத்தார் ஒரே பக்கத்தைச் சேர்ந்து படிக்க ஒரு வாசகர் வட்டம். பட்டிமன்றமும் வேண்டாம், அதில் ஒரு பக்கம் தோற்றே ஆக வேண்டும்.

சேர்ந்து படித்தால் கசப்பான வரலாறும் வரும். அதை ஒளித்துவைப்பதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளேயின் ஆட்சியில் புதுச்சேரி வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதை அவரிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். புத்தகத்தைப் பூட்டிவைத்தால் அந்தச் செய்தி மறையாது. நாலு வரியாக வாட்ஸ்அப்பில் சுற்றும். பழி இன்றைக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் கிறிஸ்தவர் மேல் விழும். அதனால் முன்பின் பக்கங்களையும் சேர்த்து வாசியுங்கள். உத்தரவு யாருடையது, கத்தோலிக்கத் துறவிகளான சேசுசபைப் பாதிரிமார் என்ன விரும்பினார்கள், ஊரார் பட்ட வேதனை என்ன என்று பொறுமையாகப் பேசுங்கள். கோயில் மறுபடி கட்டப்பட்டு இன்று மகாத்மா காந்தி சாலையில் இருப்பதும் அதே வரலாறுதான்.

அடுத்து அலமாரி. நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி பகுப்பு முறையில் சமயத்துக்கு 200 முதல் 299 வரை எண்கள். அதில் 220 முதல் 289 வரை கிறிஸ்தவத்துக்கே போய்விடுகிறது. இந்து சமயம், பௌத்தம், சமணம், இஸ்லாம் எல்லாம் 290களுக்குள் அடங்க வேண்டும். எண்ணை மாற்ற முடியாவிட்டால் பரவாயில்லை, காட்சி மேசையிலாவது எல்லாருக்கும் இடம் கொடுங்கள். நன்கொடையாக வரும் நூல்களை மட்டும் நம்பாதீர்கள். எந்த அமைப்பு அதிகம் அச்சிடுகிறதோ அதன் குரலே அலமாரி முழுக்க நிறையும். ஒரு மதத்தைப் பற்றி அதை எதிர்ப்பவர் எழுதியது மட்டும் இருந்தால், அந்த மதத்துப் பிள்ளை அங்கே வந்து எப்படி உட்காரும்? நம்பிக்கையுள்ளவர்களே எழுதிய நூல் ஒன்றாவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஊரில் பதற்றம் என்றால் முதலில் நூலகக் கதவைச் சாத்துகிறார்கள். பாதுகாப்பாக இருந்தால் நாளிதழ்ப் பகுதியையாவது திறந்து வையுங்கள். போனில் வந்த செய்தியை நாலைந்து பத்திரிகைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க நூலகர் கூடவே இருந்து உதவட்டும். அப்புறம், யார் எந்த நூலை எடுத்தார் என்று கட்சிக்காரரோ சங்கத்தாரோ கேட்டால், பதிவேட்டைக் காட்டவே கூடாது.