13-1லிருந்து 2-10: மோசமான சீசனைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

உங்கள் அணி கவிழ்ந்துவிட்டதா? கோச்சைத் திட்டுவது இருக்கட்டும், முதலில் போன வருடம் ஆடியவர்களில் யாரெல்லாம் இப்போது இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். கல்லூரி அளவிலான அமெரிக்கன் ஃபுட்பாலில் ஃபுளோரிடா ஸ்டேட் அணியையே எடுத்துக்கொள்வோம். 2023இல் 13 ஆட்டமும் ஜெயித்தும் சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃபில் இடம் கிடைக்கவில்லை (அந்த வயிற்றெரிச்சல் இன்னும் பலருக்கு ஆறவில்லை), அப்புறம் ஆரஞ்சு பௌல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று அடி வாங்கி, 13 வெற்றி, 1 தோல்வியோடு முடித்தார்கள். அடுத்த ஏப்ரலில் 10 பேரைத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் அணிகள் எடுத்துக்கொண்டு போய்விட்டன. தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸும் அதில் ஒருவர்.

அடுத்து ஸ்கோர்களை வரிசையாக எழுதுங்கள். 2024 முதல் ஆட்டம் டப்ளினில், ஜார்ஜியா டெக்கிடம் கடைசி நொடி ஃபீல்டு கோலில் (பந்தை உதைத்து எடுக்கும் புள்ளி) 24-21 தோல்வி. இதைத் துரதிர்ஷ்டம் என்று விடலாம். ஆனால் அந்த சீசனின் 12 ஆட்டங்களில் ஜெயித்தது 2, தோற்றது 10; 20 புள்ளியைத் தாண்டியதும் இரண்டே முறை, அதில் ஒன்று சார்லஸ்டன் சதர்ன் என்ற சின்ன அணியுடன் என்று பார்த்தவுடன் நோய் எங்கே என்று தெரிந்துவிடும். தாக்குதல் படுத்துவிட்டது, அவ்வளவுதான்.

மூன்றாவதாக, யாரை மாற்றினார்கள் என்று பாருங்கள். நோட்டர் டேமிடம் 52-3 தோற்ற கையோடு தலைமைக் கோச் நார்வெல் இரு கோஆர்டினேட்டர்களையும் (தாக்குதல், தடுப்புப் பிரிவுகளைக் கவனிக்கும் துணைக் கோச்சுகள்) வேலையை விட்டு அனுப்பினார்.

ஒரே ஒரு வெற்றியை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். 2025 முதல் ஆட்டத்தில் அலபாமாவையே 31-17 வென்றார்கள், முடிவில் 5 வெற்றி, 7 தோல்வி.